'இருக்கும்' வீடு மாறினார்

அவர் வீடு மாறியது ஒரு திங்கட்கிழமை. காலையில் சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, மனைவியோடு ரயிலேறினார். வீடு மாற்றித் தரும் கம்பெனிக்கு ஆப் எழுதுவது அவர் வேலை. இப்போது புது ஊர்க் கிளைக்கு மாற்றல். எதைக் கேட்டாலும் "இருக்கும்" என்பதால் அலுவலகத்தில் அவர் பெயரே 'இருக்கும்'.

மனைவி தையற்காரர். "புதன்கிழமை சீருடை ஆர்டர் தொடங்கணும். மெஷின் வரலன்னா ஆர்டர் போச்சு, நானும் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

"நமக்கு முன்னாடியே அங்க இருக்கும்."

அவர் ஆப் எழுதும் கணினி மொழியில், இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற மதிப்புக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட வேண்டும். எடுக்கும்போது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுப்பது முறை. பார்க்கப் பொறுமையில்லாதவர்கள் ஆச்சரியக்குறி போட்டுப் பிடுங்குவார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்றால் ஆப் அங்கேயே மண்டையைப் போடும். வாடிக்கையாளரின் போன் நம்பருக்கு இவர் போட்டது ஆச்சரியக்குறி.

அதோடு விட்டாரா? புறப்படும் முகவரியையும் சேரும் முகவரியையும் டியூப்பிள் என்னும் ஒரே மூட்டையாகக் கட்டினார். தனித்தனியாகப் பெயர் ஒட்டவில்லை. முதலாவது, இரண்டாவது, அவ்வளவுதான். எடுக்கும்போது முதலாவதைச் சேருமிடமாக எடுத்தார். அந்தப் புதுப் பதிப்பு வெளியானது திங்கட்கிழமை மதியம். அதில் மாட்டிய முதல் சாமான் அவருடையது.

வழியில் கம்பெனிக் கிடங்கில் லாரி மாறியது. புது டிரைவர் ஆப் காட்டிய முகவரிக்கு ஓட்டினார். யாரையும் காணோமே என்று போன் பொத்தானை அழுத்தினார். ஆப் படுத்துவிட்டது.

செவ்வாய் காலை பழைய வீட்டுக்காரம்மா மனைவியைக் கூப்பிட்டார். "ஏம்மா, போன சாமானெல்லாம் திரும்பி வந்து வாசல்ல நிக்குது. மனசு மாறிட்டீங்களா?"

மனைவி போனை வைத்தார். "பதிவு பண்ணும்போது நம்பர் போட்டீங்களா?"

"என் நம்பர் கம்பெனிக்கே தெரியுமே."

"கம்பெனிக்குத் தெரியும். டிரைவருக்கு?"

வெற்று அறையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து அவர் ஆப்பைத் திருத்தினார். முகவரிகளுக்குப் பெயர் ஒட்டினார். நம்பர் இருந்தால் கூப்பிடு, இல்லையென்றால் கிளைக்குச் சொல் என்று எழுதினார். பிறகு பழைய ஊருக்கு ரயிலேறி, தையல் மெஷினை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு புதன் காலை வந்து இறங்கினார். மனைவி ஊசியில் நூல் கோத்தார்.

பல மாதம் கழித்து மனைவி அம்மா வீட்டுக்குப் போனார், சும்மா பார்த்துவிட்டு வரத்தான். சாப்பிட என்ன இருக்கிறது என்று இவர் கேட்டிருந்தார். பதில் வந்தது:

"பிரிட்ஜ்ல முட்டை இருந்தா பொரிச்சுக்குங்க. இல்லன்னா கடைக்குப் போங்க. இருக்கும்னு நினைச்சு அடுப்பை முதல்ல பத்த வைக்காதீங்க."