இதை மட்டும் சுருக்காதே!

போன சனிக்கிழமை மத்தியானம் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வேலு போன் செய்தான். காலேஜில் என் பெஞ்ச். அவன் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு.

“இன்னா மச்சான், பொட்டி ரெடியா? நைனா விடிகாலைல கடலுக்குப் போறாரு!”

போன மாதம் அந்தப் படகின் அடியில் விரிசல். கணுக்கால் நனைந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அதற்காகத்தான் நான் செய்துகொண்டிருந்த இந்தப் பெட்டி — அடியில் தண்ணீர் ஏறினால் அலறும். வெறும் அலை ஆட்டத்துக்கு அலறக் கூடாதே? பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கான புரோகிராமில் அந்தக் கணக்கையும் எழுதிச் சேர்த்தேன்... வந்தது வினை.

நாம் எழுதுவதைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அது என் கணக்கில் தப்பு கண்டுபிடிக்கவில்லை. தானே மயங்கி விழுந்தது! ‘இது என் உட்பிழை, தயவுசெய்து புகார் அனுப்பவும்’ என்று மெசேஜ் வேறு. என்ன மரியாதை!

காரணம், ஆப்டிமைசேஷன். புரோகிராமைச் சுருக்கித் தருகிறேன் என்று கம்பைலர் காட்டும் அதிகப்பிரசங்கித்தனம். சுருக்கவே வேண்டாம் என்று நிறுத்தினேன். எழுந்து உட்கார்ந்தது. ஆனால், புரோகிராம் சிப்புக்குள் அடங்கவில்லை!

சுருக்கச் சொன்னால் விழுகிறது. வேண்டாமென்றால் வழிகிறது. நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மறுபடி வேலுவின் போன்.

“கம்பைலர் படுத்துகிச்சுடா” என்றேன்.

“மூஞ்சில தண்ணி தெளி! இன்னாத்துக்கு இன்ஜினீயரிங் படிச்ச?”

“நீயுந்தானடா படிச்ச?”

“அதான் உன்ன நம்பிகினு கீறேன்!”

புரோகிராமைப் பாதிப் பாதியாக வெட்டிக் கம்பைலரில் ஓட்டிப் பார்த்தேன். சிக்கியது — அந்த அலைக் கணக்கு! அதன் தலையில் ஒரே ஒரு வரி எழுதினேன்: இதை மட்டும் சுருக்காதே. மற்றதையெல்லாம் சுருக்கியது. சிப்புக்குள்ளும் அடங்கியது.

கல்யாண வீட்டில், எல்லாவற்றையும் சீக்கிரம் முடிக்கிறேன் என்று கிளம்பும் மாமாவிடம் நாம் செய்வதும் இதுதானே? ‘எல்லாம் நீங்களே பாருங்க மாமா... பந்தியை மட்டும் விட்டுடுங்க!’

செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து ஓடினேன். வெளிச்சம் இருக்கும்போதே பெட்டியைப் படகில் மாட்டினோம். வேலு படகைப் பிடித்து ஆட்டினான். சத்தமில்லை. அடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். காது கிழிய அலறியது!

“இந்தக் கத்து கத்தினா மீனெல்லாம் ஓடிப்பூடும்பா” என்றார் வேலுவின் அப்பா. ஆனால், பெட்டியைக் கழற்றச் சொல்லவில்லை.

வீடு திரும்பியதும் புரோகிராமில் அந்தச் ‘சுருக்காதே’ வரிக்கு மேலே ஒரு குறிப்பு சேர்த்தேன்: ‘இது வேண்டாத வரி என்று அழிக்க நினைப்பவர், முதலில் வேலுவின் அப்பாவோடு ஒரு நாள் கடலுக்குப் போய்விட்டு வரவும்.’