அட்டையில் அச்சாகாத பாதி

புத்தாண்டு காலையில் கடலூரில் கரண்ட் இல்லை. புயல் அடித்து ஓய்ந்த கையோடு வருஷம் பிறந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு மச்சான் வீட்டுக்கு வந்த நானும் மனைவியும், சிதம்பரம் திரும்ப பஸ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டோம். சர்ச்சில் மைக் இல்லை, ஃபேன் இல்லை. பிரசங்கம் சீக்கிரம் முடிந்தது என்பது ஒரு ஆறுதல்.

புதுவருஷ ஆராதனையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தட்டு நிறைய வாக்குத்தத்த அட்டைகள் இருக்கும். பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். அதில் உள்ள வசனம்தான் அந்த வருஷத்துக்குக் கடவுள் நமக்குத் தரும் வாக்கு. ஆசீர்வாதமாக வந்தால் ஆமென். பொறுமையாக இரு என்ற மாதிரி வந்தால்... நைசாகத் திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்று எடுப்பவர்களும் உண்டு. கடவுளுக்கே செகண்ட் சான்ஸ் கொடுக்கிற பெருந்தன்மை வேறு யாருக்கு வரும்?

மச்சான் செல்வராஜ் சர்ச் கமிட்டி மெம்பர். அவருக்கு முதல் தடவையே நல்லதாக வந்தது. நீ கூப்பிட்டால் கடவுள் பதில் கொடுப்பார் என்று சொல்லும் வசனம். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். கரண்ட் இல்லாததால் உள்ளே இருந்ததெல்லாம் கெட்டுப்போயிருந்தது.

அப்போதுதான் பால்காரர் அந்தச் செய்தியைச் சொன்னார். திருவந்திபுரத்தில் இருக்கும் மச்சானின் தம்பி டேவிட் வீட்டுக் கூரை ஷீட்டுகள் பறந்துவிட்டன. மனைவி, குழந்தையோடு ஸ்கூல் வராந்தாவில் இருக்கிறானாம்.

மச்சான் ‘அப்படியா’ என்றார். அவ்வளவுதான். இந்துப் பெண்ணைக் காதலித்து, திருவந்திபுரம் கோயிலிலேயே தாலி கட்டியவன் டேவிட். அன்றோடு பேச்சுவார்த்தை முடிந்தது. அந்தக் குழந்தையை மச்சான் பார்த்ததே இல்லை. என் மனைவிக்கும் அவன் தம்பிதான். அண்ணனுக்குத் தெரியாமல் போனில் பேசுவதோடு சரி. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மச்சானின் மனைவி எஸ்தர் அதிகம் பேசமாட்டார். ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தார். பைபிளை எடுத்துப் புரட்டினார்.

“இது பாதிதாங்க. மேல இன்னும் இருக்கு.”

படித்துக் காட்டினார். பசித்தவனுக்கு உன் சாப்பாட்டைப் பகிர்ந்து கொடு, போக்கிடம் இல்லாதவனை வீட்டுக்கு அழைத்து வா, சொந்த ரத்தத்துக்கு முகத்தை மறைக்காதே... அதற்குப் பிறகுதான், நீ கூப்பிட்டால் கடவுள் பதில் கொடுப்பார் என்று வருகிறது.

“அவன் வரட்டும். கதவு தொறந்துதானே கெடக்கு” என்றார் மச்சான்.

“வந்தா சேத்துக்கோன்னு போடலயே. கூட்டிக்கிட்டு வான்னுதான் போட்டிருக்கு.”

மச்சான் பைபிளை வாங்கித் தானே படித்தார். முந்தின பக்கத்தையும் பார்த்தார். தப்பிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடினார் என்றே நினைக்கிறேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, “மாப்ள, வண்டிய எடுங்க” என்றார்.

வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன. பாதி தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போனோம். வராந்தாவில் ஈரத் துணிகளுக்கு நடுவே டேவிட் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். மச்சான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். ஊருக்கே ஜெபம் பண்ணுகிற குரல், அன்று வெளியே வருவதற்கே சிரமப்பட்டது. வீட்டுக்குப் போகலாம், கிளம்பு என்றார்.

டேவிட் கடைசியில் வாயைத் திறந்தான். “கவிதா பொட்டு வெச்சிருக்கும்ணே. பரவால்லயா?”

மச்சான் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் தோளில் தூங்கிய குழந்தையைப் பார்த்தார். கமிட்டி என்ன சொல்லும் என்பது அவருக்குத் தெரியாதா?

“எங்க வூட்ல கரண்ட் இல்ல. கொசு ஜாஸ்தி. பரவால்லயா?”

டேவிட் எழுந்து ஈரத் துணிகளைச் சுருட்ட ஆரம்பித்தான்.

அட்டை அச்சடிப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடவுள் செய்யவேண்டியதை மட்டும் போட்டால்தான் நாம் ஃப்ரிட்ஜில் ஒட்டுவோம் என்பது அவர்களுக்குத் தெரியும். நாம் செய்யவேண்டியது எங்கேயும் போய்விடவில்லை — அதற்கு மேல் வரியில்தான் இருக்கிறது.

எனக்கு வந்த அட்டை பர்ஸில் பத்திரமாக இருக்கிறது. அருமையான ஆசீர்வாதம். மேல் வரியை இன்னும் படிக்கவில்லை... பயமாக இருக்கிறது.