இறங்கத் தெரியாத செசீலியா

கல்யாணம் முடிந்த கையோடு அருளப்பு தன் மனைவி செசீலியாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "கடற்கரைத் தெருவால திருக்கோவில் வரைக்கும் உன்னச் சைக்கிள்ள கூட்டிப்போறன் புள்ள. ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் வாவி. பாத்துக்கிட்டே போகலாம்." அது 1982ஆம் ஆண்டு. அடுத்த ஆண்டு கலவரம் வந்தது, பிறகு சண்டை வந்தது, வாக்கு அப்படியே கிடப்பில் விழுந்தது.

செசீலியா இடையில் திருக்கோவிலுக்குப் போகாமல் இல்லை. தங்கச்சி செபஸ்தியம்மா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இரண்டு தரம் பஸ்ஸில் போனாள், இரண்டும் செத்தவீடு. சோதனைச்சாவடிக்குச் சாவடி இறங்கி, பையைத் திறந்து காட்டி, வரிசையில் நடந்து, மறுபடி ஏறி நெரிபட்டாள். கடல் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட அவளுக்குத் தெரியாது. பார்த்ததெல்லாம் முன்னால் நின்றவரின் முதுகுதான்.

2002இல் போர்நிறுத்தம் வந்தது. மட்டக்களப்பில் சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஆகஸ்ட் மாதம், கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கிற ஒரு பகலில், அருளப்பு தச்சுப்பட்டறையிலிருந்து வந்து, "செசீலி, திருக்கோவில் போறம்" என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இருபது வருடம் மறக்காமல் இருந்திருக்கிறாரே மனுசன்!

அழுததெல்லாம் வீண் என்பது மூன்றாம் நாள் தெரிந்தது.

வீட்டில் புறோக்கர் என்றொரு நாய் இருந்தது. கல்யாணத் தரகர் மாதிரித் தெருவில் ஒரு வீடு விடாமல் நுழைந்து நலம் விசாரித்துவிட்டு வருகிற பிறவி என்பதால் அந்தப் பெயர். ஒன்பது வயது. அருளப்பு சைக்கிளில் வேலைக்குப் போனால் பின்னாலேயே ஓடும். சாவடி வந்தால் அவர் இறங்கி உருட்டுவார், அதுவும் வாலைத் தாழ்த்திக்கொண்டு வரிசையில் நடக்கும். இப்போது பின்னங்காலில் வாதம், ஓட ஏலாது. ஆகவே சைக்கிளின் பின்கரியலில் பூட்ட, மாம்பலகையில் அதற்கொரு பெட்டி தயாராகிக்கொண்டிருந்தது. வெயிலுக்குக் கூரை, காற்றுக்குச் சன்னல், சன்னலுக்குத் தாழ்ப்பாள். அவளுடைய குசினிக்குச் சட்டிபானை வைக்க ஒரு தட்டு அடித்துத் தரச்சொல்லி நாலு வருடமாகிறது, அதை யார் கேட்டார்கள்!

பட்டறையில் சாய்த்திருந்த பலகையொன்றில் பயணத் திட்டம் தச்சுப் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. முதல் நாள் களுவாஞ்சிகுடி, இரண்டாம் நாள் அக்கரைப்பற்று, மூன்றாம் நாள் திருக்கோவில். இடையிடையே 'புறோக்கருக்குத் தண்ணி', 'புறோக்கருக்கு நிழல்'. செசீலியா பலகையை மேலும் கீழுமாக இரண்டு தரம் வாசித்தாள். அவள் பெயர் எங்கேயும் இல்லை.

"இஞ்சேருங்க, கரியல்ல நாய்ப்பெட்டி. அப்ப நான் எங்க இருக்கிற?"

அருளப்பு பென்சிலைக் காதில் செருகினார். அதை அவர் யோசித்திருக்கவே இல்லை. "நீ பஸ்ஸில வா புள்ள. நாங்க சைக்கிள்ள வந்து சேருறம்."

"நாங்களாம்! ஆரு நாங்க? நீங்களும் நாயுமா?"

"பஸ்ஸில நாய ஏத்த மாட்டாங்க தானே."

நியாயமான மறுமொழிதான். நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கூட்டியது. அன்று இரவுச் சோற்றில் உப்பில்லை. அருளப்பு ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டு எழும்பினார், புறோக்கர் மட்டும் இன்னும் கொஞ்சம் கேட்டது.

அடுத்த வீட்டு அன்னப்பூரணி டீச்சர் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போவார். விடுமுறையென்பதால் சைக்கிள் சும்மா நின்றது. விடிந்ததும் செசீலியா அவர் வாசலில் போய் நின்றாள்.

"டீச்சர், எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கித் தாங்க."

"என்னகா, இந்த வயசிலயா?"

"நாப்பத்தாறு வயசு ஒரு வயசா?"

வாவிக்கரை வெளியில் பத்து நாள் பழக்கம் நடந்தது. முதல் மூன்று நாளும் விழுந்தாள். நாலாம் நாள் சைக்கிள் நேராகப் போனது. ஆறாம் நாள் வளையவும் வந்தது. ஒன்றுதான் கடைசிவரை பிடிபடவில்லை. பிறேக்கைப் பிடித்துக் காலை ஊன்ற வேண்டிய நேரத்தில் உடம்பெல்லாம் விறைத்துப் போகும். வேலி, மதில், மரம், எது முதலில் கைக்கு வருகிறதோ அதைப் பிடித்துத்தான் நிற்பாள்.

"இறங்கத் தெரியாம எப்பிடிப் போகப்போறாய்?" என்று டீச்சர் தலையில் கைவைத்தார்.

"திருக்கோவில்ல வேலி இல்லாமலா இருக்கும்?"

அருளப்புவுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. "விழுந்து காலக் கைய முறிச்சா என்ன செய்யிற?" என்றார்.

"முறிஞ்சா உங்கட நாய்ப்பெட்டியில ஏத்துங்க. கூரையெல்லாம் போட்டிருக்கீங்க தானே."

அன்று பின்னேரம் பலகையில் ஒரு வரி கூடியிருந்தது: 'செசீலிக்கு வேலி.' அவள் பார்க்காதமாதிரிப் போனாள். கோபத்தில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது.

கச்சான் காற்று எழும்புமுன் போகவேண்டுமென்று கிழக்கு வெளுக்கும்போதே புறப்பட்டார்கள். அருளப்பு முன்னால், பெட்டிச் சன்னலில் புறோக்கரின் மூக்கு, பின்னால் டீச்சரின் சைக்கிளில் செசீலியா. கல்லடிப் பாலத்தடியை நெருங்கும்போது வேலைக்குப் போகிற சனமும் சேர்ந்துகொண்டது. அங்கே சாவடி எடுபட்டு மாதங்களாகியிருந்தன. தார்ப்பீப்பாய் நின்ற வட்டத் தழும்புகளும் ஒரு காவல்கொட்டிலும்தான் மிச்சம். ஆனாலும் அந்த இடம் வந்ததும் அருளப்பு இறங்கினார். பக்கத்தில் வந்தவர்களும் இறங்கினார்கள். புறோக்கர் பெட்டியிலிருந்து குதித்து, வாலைத் தாழ்த்தி நடந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கால் தானாக இறங்கியது.

செசீலியாவும் இறங்கத்தான் பார்த்தாள். எத்தனை வருடம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்த கால்! ஆனால் சைக்கிளில் உடம்பு விறைத்தது. பிடிக்க வேலியும் இல்லை.

"செசீலி, இறங்கு! இறங்கு புள்ள!"

"எனக்கு இறங்கத் தெரியாதே!"

உருட்டிக்கொண்டு நடந்த சனத்தின் நடுவால் மணியடித்தபடி போனாள். கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு ஆமிக்காரன் எழும்பினான். மாதாவே என்று கண்ணை மூடப்போனவள், மூடினால் விழுவேன் என்ற பயத்தில் மூடவில்லை. அவன் தோளில் கிடந்த துவக்கைத் தொடவே இல்லை. வழியில் நின்ற ஒரு மாட்டைத் துரத்திவிட்டு, போ போ என்று கையைக் காட்டிச் சிரித்தான்.

ஒடுக்கமான இரும்புப் பாலம். கீழே வாவி விடிந்துகொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் ஒரு முதுகும் இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாக முன்னால் ஒருவரும் இல்லாத தெருவைப் பார்த்தாள். பயம் எந்த இடத்தில் கழன்று விழுந்ததென்று அவளுக்குத் தெரியாது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே மிதித்தாள்.

அக்கரையில் ஒரு கடைவேலியைப் பிடித்து நின்றாள். அருளப்பு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"விசரா உனக்கு? அவன் சுட்டிருந்தா?"

"சுட்டிருந்தா இறங்கியிருப்பன் தானே!"

அவருக்கும் சிரிப்பு வெடித்தது. நொண்டிக்கொண்டு வந்த புறோக்கரைத் தூக்கிப் பெட்டியில் வைத்தார். "நீ முன்னுக்குப் போ புள்ள" என்றார்.

ஆரையம்பதிக்குப் போகும் வழியிலும் பழைய சாவடி இடமொன்று வந்தது. செசீலியா மணியடித்துக்கொண்டு போனாள். அருளப்புவின் கால் ஒருகணம் கீழே போனது. பிறகு மிதிகட்டைக்கே திரும்பிவந்து அழுத்தியது. பின்னால் பெட்டி இலேசாகிப்போனது அவருக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். புறோக்கர் குதித்திறங்கி, வாலைத் தாழ்த்தி, இல்லாத வரிசையில் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தது.