கம்பம் நட்ட ஊரும் ஹாஸ்டல் ரூலும்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. காலை ஏழு மணி. ஒரு கையில் தோசைக் கரண்டி, இன்னொரு கையில் போன்.

“ஏனுங்க மேடம், நான் நித்யாவோட அப்பனுங்க, நாச்சிமுத்து. சென்னிமலைப் பக்கத்துல இருந்து பேசறனுங்க. ஒரு சங்கட்டமுங்க...”

நித்யா எங்கள் கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்டில் கடைசி வருடம் படிக்கிறாள். ஹாஸ்டல் பெண். ஸ்டடி லீவுக்கு ஊருக்குப் போனவள் அன்று மாலைக்குள் திரும்ப வேண்டும். செவ்வாயும் புதனும் பிராக்டிகல் தேர்வு.

“ஊர்ல மாரியம்மன் நோம்பிங்க. நேத்து கம்பம் நட்டுப்போட்டாங்க. புள்ளையும் ஊர்லயே இருந்துபோட்டா. இனி நோம்பி முடியற வரைக்கும் ராத்திரி வெளிய தங்கக் கூடாதுங்களே...”

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் கொங்குப் பக்கத்தில் நோம்பி என்றால் திருவிழா. பல ஊர்களில் அம்மன் கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால், அன்றைக்கு ஊரில் இருந்தவர்கள் யாரும் விழா முடியும்வரை வெளியே ராத்தங்க மாட்டார்கள். இதில் விட்டுக்கொடுப்பதே கிடையாது.

எங்கள் ஹாஸ்டல் மட்டும் லேசுப்பட்டதா? தேர்வு நாட்களில் ஹாஸ்டல் பெண்கள் இரவு ஹாஸ்டலில்தான் இருக்க வேண்டும். அதிலும் விட்டுக்கொடுப்பது கிடையாது.

“முடியாதுங்க” என்றேன். “கவர்மென்ட் பணத்துல நடக்கற காலேஜுங்க இது. அவங்கவங்க ஊரு நோம்பிக்கெல்லாம் பார்த்துட்டு இருக்க முடியுங்களா? புள்ளையை அனுப்புங்க, இல்லாட்டி அடுத்த வருஷம் எழுதட்டும்.”

“சரிங்க மேடம்” என்று மட்டும் சொன்னார் நாச்சிமுத்து. பால் சொசைட்டியில் பால் அளக்கிற மனிதர். அவர் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நித்யா. ஒரு பிராக்டிகல் போனால் டிகிரி ஒரு வருடம் தள்ளிப்போகும். எம்.எஸ்சி. கனவு அதோடு சரி. அந்த ஒரு வருடத்தில் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

தெரிந்துதான் சொன்னேன். ஏன் அவ்வளவு கறார்? நானும் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுப் பெண். எங்கள் ஊரிலும் கம்பம் நடுவார்கள். ‘தன் ஊர் வழக்கத்துக்குச் சலுகை காட்டிவிட்டாள்’ என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்... வேறென்ன?

எங்கள் கல்லூரி ஒரு கிறிஸ்தவ சபை நடத்துவது. கட்டடம் சபையுடையது. என் சம்பளம் அரசாங்கத்துடையது. காலையில் ஜெபத்தோடுதான் நாள் தொடங்கும். ‘கவர்மென்ட் சம்பளம் குடுக்கற இடத்துல ஜெபம் எதுக்குங்க?’ என்று கல்யாண வீட்டுப் பந்தியில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. நியாயமான கேள்விதான். எனக்குச் சட்டம் தெரியாது. இருபத்திரண்டு வருட அனுபவம் மட்டும் தெரியும்.

முதல் நாள் இன்டர்வியூவுக்குப் போனபோது கேட் பக்கத்தில் நின்று நெற்றித் திருநீற்றைத் துடைத்துக்கொண்டேன். யாரும் துடைக்கச் சொல்லவில்லை. நானாகத் துடைத்தேன். வேலை கிடைத்தது. மறுநாள் முதல் இன்றுவரை திருநீறு வைத்துக்கொண்டுதான் போகிறேன், ஒருவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த நன்றியை இத்தனை நாள் எழுதாமல் இருந்ததே தப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காலேஜுக்குப் போனதும் பிரின்சிபால் சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன் — கொஞ்சம் பெருமையாகவே. சிஸ்டர் கன்னியாகுமரிக்காரர். கம்பம் என்றால் என்னவென்றே தெரியாது. அதனாலேயே நான் கேட்காததையெல்லாம் கேட்டார்.

“ராத்திரிதானே ஊர்ல இருக்கணும்? பகல்ல வரலாமா?”

“வரலாம் சிஸ்டர். ஆனா ஹாஸ்டல் ரூல்...”

“ஹாஸ்டல் ரூல் நான் போட்டதுதானே டீச்சர்?” சிரித்தார். “அவங்க அம்மனும் நம்ம வார்டனும் ஒரே கண்டிஷன்தான் போடுறாங்க. பொம்பளப் பிள்ளை ராத்திரி பத்திரமா வந்து சேரணும். அம்மன்கிட்ட பத்திரமா இருந்தா வார்டனுக்கு என்ன கவலை?”

“கவர்மென்ட் பணத்துல நடக்கற காலேஜ்ல...” என்று இழுத்தேன்.

“அந்த அப்பா ஒரு சோப்பு வாங்கினாலும் வரி கட்டுறார். அதுலதான் உங்களுக்குச் சம்பளம். அதை வாங்கிக்கிட்டு, அவர் சாமிக்கு இங்க இடமில்லைன்னு சொல்ல முடியுமா?”

ஐந்து நிமிடத்தில் சிஸ்டர் நித்யாவை மதிய பேட்ச்சுக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டார். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினரிடமும் அவரே பேசினார். நாச்சிமுத்துவுக்குப் போன் பண்ணும் வேலையை மட்டும் என்னிடம் கொடுத்தார். எனக்குச் சரியான தண்டனை.

இரண்டு நாளும் அப்பாவும் மகளும் காலையில் பஸ் ஏறி, பெருந்துறையில் மாறி வந்தார்கள். மகள் லேபுக்குள், அப்பா கேட்டுக்கு வெளியே. புதன்கிழமை இன்ன உப்பு என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கொடுத்த உப்பு லேசில் பிடிபடவில்லை. மூன்றே முக்கால் ஆயிற்று, நாலு மணிக்குப் பேப்பரைக் கொடுத்தாக வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கிறாள், டெஸ்ட் டியூபைப் பார்க்கிறாள், திரும்பக் கடிகாரத்தைப் பார்க்கிறாள். உதவக்கூடாத இடத்தில் நின்றுகொண்டு நானும் எங்கள் ஊர் அம்மனை வேண்டிக்கொண்டேன். ஜெபம் என்று யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணினால் பண்ணட்டும்.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கண்டுபிடித்துவிட்டாள். பேப்பரைக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

மறுநாள் காலை நாச்சிமுத்து பேசினார்.

“நேரத்துக்கே ஊடு வந்து சேர்ந்துட்டமுங்க மேடம். காலையில கோயிலுக்குப் போய் அர்ச்சனையும் பண்ணிப்போட்டனுங்க. சிஸ்டர் பேருக்குப் பண்ணலாம்னா ராசி, நட்சத்திரம் தெரியலீங்க. அதனால காலேஜ் பேருக்கே பண்ணிப்போட்டனுங்க.”

“காலேஜ் பேருக்கா?”

“ஆமாங்க. ரெண்டு நாளா காலேஜ் கேட்டுல இருக்கற போர்டையேதானுங்க படிச்சுட்டு நின்னேன். முழுப் பேரும் மனப்பாடம். ‘அரசு உதவி பெறும்’னு இருக்கறது வரைக்கும் விடாம சொன்னனுங்க. பூசாரியும் அப்படியே திருப்பிச் சொன்னாரு.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சர்ச், சர்க்கார், மாரியம்மன்... மூவரையும் ஒரே தேங்காயில் முடித்துவிட்டாரே மனிதர்.

போனை வைக்கும் முன், “உங்க பேருக்கும் தனியா ஒரு அர்ச்சனை வெச்சனுங்க மேடம், புள்ளையோட நட்சத்திரத்தையே சொல்லி” என்றார்.

நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘முடியாது’ மட்டும் அன்றைக்கு எத்தனை சுலபமாக வந்தது.