பெலாச்சான் வாசனையோடு வந்த தாய்மாமன்

பெத்தம்மாளும் அவள் புருஷன் வடிவேலுவும் மலாயாவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டினார்கள், பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் பாதிப் பேரைக் கணக்கு முடித்து அனுப்பிய காலம் அது. இவர்கள் இருவருக்கும் வேலை தப்பியது. அவளுடைய தம்பி சின்னத்தம்பிக்குத் தப்பவில்லை. ஊருக்குப் போகிறவர்களுக்குக் கப்பல் இலவசம் என்றார்கள். ஊரில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? அப்பனும் ஆத்தாளும் போய் வெகுநாளாயிற்று. அக்காள் வீட்டு வாசலில் துணிமூட்டையோடு வந்து நின்றான்.

சம்பளத்தையும் குறைத்திருந்தார்கள். மழை பெய்தால் அதுவும் இல்லை. கடையில் பற்று ஏறிக்கொண்டே போனது. இருந்தாலும் பெத்தம்மாள் தம்பிக்கு ஒரு தட்டு எடுத்து வைத்தாள். அவன் தலை நிமிராமல் சாப்பிடுவான். பாதியிலேயே போதும் என்று எழுந்துவிடுவான். அவனுக்குப் போதாது என்று அவளுக்குத் தெரியாதா? அடுத்த வாய்க்கு அவள் கை சட்டிக்குள் போகும்போது அவன் கை கழுவிக்கொண்டிருப்பான்.

இந்த நேரத்தில்தான் குழந்தை மங்களத்துக்குக் காது குத்தும் வயது வந்தது. மங்களத்துக்கு இன்னும் நடை வரவில்லை. தவழ்ந்தே லயத்து வீட்டு வரிசைக் கோழிகளையெல்லாம் ஓட்டிவிடுவாள். சிரித்தால் பல் இரண்டும் பச்சரிசி மாதிரி தெரியும். தோளில் போட்டால் கழுத்தில் எச்சிலை ஒழுகவிட்டுக்கொண்டே தூங்குவாள். அந்த எச்சிலைத் துடைக்கவும் மனசு வராது.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தோடும் சட்டையும் அவன் கொண்டுவர வேண்டும். வெறுங்கையோடு உட்கார்ந்தால் லயமே சிரிக்கும். பெத்தம்மாள் ஒரு காரியம் செய்தாள். தாலிக்கயிற்றில் கோத்திருந்த இரண்டு பொன் குண்டுகளைக் கழற்றித் தம்பி கையில் வைத்தாள். மலாக்கா ஆசாரியிடம் கொடுத்து இதைத் தோடாக்கிக்கொண்டு வா, நீ செய்த சீராகவே இருக்கட்டும் என்றாள். அவன் வேண்டாம் வேண்டாம் என்றான். அவள் அவன் விரல்களை மடக்கி மூடிவிட்டாள். புருஷனிடம் சொல்லவில்லை.

அன்று போனவன்தான். வேலை தேடப் போயிருக்கிறான் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாதம் ஒன்று போய் அடுத்ததும் முடியப் போனது. வெறும் கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டே மரம் வெட்டினாள். பொன்னை விட்டாலும் விடலாம், பசியில் விற்றுத் தின்றுவிட்டு முகம் காட்ட முடியாமல் தம்பி எங்காவது போய்விட்டால்?

காது குத்தும் நாள் வந்தது. தோட்டத்து மாரியம்மன் கோவிலில் பந்தல். காது குத்துகிற ஆசாரி ஊசியோடு வந்துவிட்டார். வெயில் ஏறியது. நல்ல நேரம் முடியப் போகிறது, யார் மடியிலாவது உட்கார வையுங்கள் என்று ஆசாரி அவசரப்படுத்தினார். வடிவேலுவின் அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரி விடுவாளா?

"ஏன் பெத்தம்மா, ஒன் தம்பி சீர் கொண்டாரப் போனானா, சீரோட போனானா?"

பெத்தம்மாள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். பெரியப்பன் மடியில் குத்திவிட்டால், தம்பி அப்புறம் இந்த வாசலை மிதிக்கவே மாட்டான்.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. பந்தலில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். கூனி இறாலை உப்புப் போட்டு இடித்துக் காயவைக்கிற பெலாச்சான் நாற்றம். பின்னாலேயே சின்னத்தம்பி, சீர்த்தட்டும் கையுமாக மூச்சு வாங்க வந்தான். வேட்டி வெளுப்பாகத்தான் இருந்தது, குளித்துத்தான் வந்திருந்தான். ஆனால் அது குளித்தால் போகிற வாசனையா?

"என்ன மாப்புள, சந்தனத்துக்குப் பதிலா இதத்தான் பூசுனியா?" என்றார் வடிவேலுவின் அண்ணன், இடத்தை விட்டு எழுந்தபடியே.

"செர்காம் கடக்கரையில வேல மாமா. விடியக்கால வல இழுத்துப் போட்டுட்டு நடந்தே வரேன்லா" என்றான். இந்த முறை தலை நிமிர்ந்திருந்தது.

பெத்தம்மாள் அந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்தாள். வேலை செய்கிற உடம்பின் வாசனை அல்லவா அது.

மங்களம் மாமன் மடியில் உட்கார்ந்து அவன் சட்டைப் பொத்தானைச் சப்பினாள். ஊசி ஏறியதும் வீரிட்டு அழுதாள். தோட்டைப் பார்த்தாள் பெத்தம்மாள். தலைமுடி கனத்தில் சின்னஞ்சிறு வளையம். இரண்டு குண்டுப் பொன்னில் இதைவிடக் கனமாக அல்லவா வந்திருக்கும்? அதற்குள் அவன் ஒரு வெற்றிலை மடிப்பை அவள் கையில் அழுத்தினான். உள்ளே அவளுடைய குண்டுகள்.

"மலாக்கா ஆசாரி கடை வரைக்கும் எடுத்துட்டுப் போனேங்க்கா. தராசுல வைக்க மனசு வரல. மச்சான் கட்டுனது அது. என் சம்பளத்துல வாங்குன தோடு கொஞ்சம் மெலிசுதான்."

பக்கத்தில் நின்ற வடிவேலு தொண்டையைக் கனைத்தான். "கயிறு லேசா தொங்குனது எனக்குத் தெரியாதாக்கும். கோத்துப் போடு மொதல்ல" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனான்.

பந்தியில் சின்னத்தம்பி உட்கார்ந்தான். இலை காலியானது. எழுந்துவிடுவானோ என்று பெத்தம்மாள் அகப்பையோடு நின்றாள்.

"இன்னும் போடுக்கா" என்றான்.

போட்டாள். மறுபடியும் கேட்டான், போட்டாள். கடைசிப் பந்திக்குச் சோறு பற்றவில்லை. பெத்தம்மாள் சிரித்துக்கொண்டே இன்னொரு உலை வைத்தாள்.