கேக்குது, சொல்லு, ஓவர்

அக்காள்மடத்துப் பள்ளியில் கூச்சப்படும் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். கவிதை எழுதுகிறவளுக்குப் பேசவும் வரும் என்று தலைமையாசிரியர் நம்பியிருந்தார். மேடை ஏறினால் எனக்கே பேச்சு மறந்துபோகும். அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசச் சொன்னேன்; நாற்காலிகளுக்கும் வெட்கப்பட்டார்கள். மைதானத்து ஆட்டிடம் பேசச் சொன்னேன். ஆடு நின்று கேட்டுவிட்டுப் பேச்சுத்தாளைத் தின்றது. எப்படியோ மெல்ல மெல்ல வாய் திறந்தார்கள், ஒருத்தியைத் தவிர. விசைப்படகு ஓட்டுகிறவரின் மகள் அவள். போன ஆண்டு விழாவில் மைக் முன்னால் ஒரு சொல்லும் வராமல் அழுதபடி இறங்கியவள்.

"இந்தத் தடவையும் முழிச்சேன்னா இனிமே எங்கயும் பேச மாட்டேன் டீச்சர்" என்றாள், என் காதுக்குள்.

ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளிருந்து தெருவே அதிரும் குரல்: "அப்பா, மீன்பாடு எப்பிடின்னு அம்மா கேக்குது. ஓவர்."

அவளேதான். செல்போன் எட்டாத கடலோடு, ஜன்னலோரத்து வயர்லெஸ் செட்டில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இப்பிடியே மேடையிலயும் பேச வேண்டியதுதானே?"

"இதுல 'ஓவர்'னு முடிச்சா பதில் வரும்ல டீச்சர்."

அன்றிலிருந்து பேச்சை வயர்லெஸ்ஸிலேயே பழகினாள். அப்பா கேட்டார். அக்கம்பக்கத்துப் படகுகளும் கேட்டன. உப்பும் காற்றும் இரைச்சலும் கலந்து, அலைக்கு அலை தாவிக்கொண்டிருந்தது அவள் பேச்சு.

விழா நாளில் காற்று பலமென்று படகுகளை விடவில்லை. கடலுக்குப் போகாத ஆண்களெல்லாம் தேய்த்த சட்டையில் பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தார்கள்.

அவள் மேடையேறி மைக்கைப் பிடித்தாள். "நெகிழிப் பைகள் கடலை அடைகின்றன. ஓவர்."

நிறுத்தினாள். பதிலுக்குக் காத்திருந்தாள். பந்தல் சும்மா இருந்தது. மைக் மட்டும் கொய்யென்றது. அவள் மைக்கை விட்டுவிட்டு மேடைப் படியைப் பார்த்தாள். போன வருஷத்து அழுகை ஏறி வருவது எனக்குத் தெரிந்தது. எழுந்து எதையாவது சொல்லலாமென்றால் எனக்கும் பேச்சு மறந்துவிட்டது.

கடைசி வரிசையில் அவள் அப்பா எழுந்தார்.

"கேக்குது பாப்பா. சொல்லு. ஓவர்."

அவள் மூச்சு விட்டாள். "ஜெல்லி மீன் என்று எண்ணி ஆமைகள் அவற்றை உண்கின்றன. ஓவர்."

"நெசந்தான். நேத்து என் வலையில மீனை விடப் பைதான் கூட. ஓவர்" என்றார் இன்னொருவர்.

"ஏலே, குறுக்க பேசாத. பிள்ள லைன்ல இருக்கு. ஓவர்" என்று அவரை அதட்டியது மூன்றாவது குரல்.

பேச்சு முடியும்வரை பந்தலே பதில் சொன்னது. அவள் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை இன்னும் சூடாக இருந்தது.

அடுத்து சிறப்பு விருந்தினர், ஒரு கல்வி அதிகாரி. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் கைதட்டலுக்கு இடம் விட்டுவிட்டுப் பேசினார். யாரும் தட்டவில்லை.

"பாவம் டீச்சர். அவருக்கு ஒருத்தரும் பதில் சொல்லல."

நான் கையைப் பிடிப்பதற்குள் எழுந்துவிட்டாள்.

"கேக்குது சார். சொல்லுங்க. ஓவர்."