காயலில் கட்டி இழுத்த ஜெட் படகு

என் மாமா பூவாறில் ஒரு ரிசார்ட்டில் ஜெட் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பெண் பார்க்கப் போனதும் அதே படகில்தான். பெண் வீடு காயலுக்கு அக்கரையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் அந்த வீட்டு வாசலை மிதித்தாக வேண்டும், தவறினால் அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்பது அம்மாவின் கண்டிப்பு. ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனால் நேரமாகும் என்று முதலாளியிடம் அம்மாவே பேசிப் படகுக்கு அனுமதி வாங்கினாள். பெண் வீட்டுக்காக ஆரியசாலைக் கடைத்தெருவில் வாங்கிய பழமும் பூவும் நிறைந்த தட்டு என் மடியில் இருந்தது.

நடுக்காயலில் படகு நின்றுவிட்டது. அடியில் தண்ணீர் உறிஞ்சும் வாயில் ஒரு பிளாஸ்டிக் சாக்கு சிக்கியிருந்தது. மாமா கைவிட்டு இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அந்தப் பக்கம் வந்த மலையாளி மீன்காரர் ஒருவர் தன் மோட்டார் வள்ளத்தில் கட்டி இழுக்கச் சம்மதித்தார்.

மாமா உடனே கயிற்றைக் கட்டவில்லை. இஞ்சின் மூடியைத் திறந்து, ஒரு ரப்பர் குழாயில் துணியைச் சுற்றி, இடுக்கியால் இறுக்கிப் பூட்டினார். ஏன் என்று கேட்டேன். ஜெட் படகை இழுக்கும்போது தண்ணீர் அந்தக் குழாய் வழியாக ஏறும். ஓடுகிற இஞ்சின் அதைப் புகையோடு வெளியே தள்ளிவிடும். நின்றுபோன இஞ்சினால் முடியாது, தண்ணீர் உள்ளேயே நிறைந்துவிடும். இதையெல்லாம் மாமா எனக்குப் பொறுமையாகச் சொன்னார். இஞ்சின் போனால் அவர் வேலையும் போகும் என்பதை மட்டும் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

“பதுக்கெ போ சேட்டா, ரொம்ப மெதுவா,” என்று வள்ளக்காரருக்குக் குரல் கொடுத்தார்.

“எந்தா மோனே, இது ஜெட் படகா, சவ ஊர்வலமா?” என்று அவர் சிரித்தார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “டேய், மணி நாலு தாண்டியாச்சு. கொஞ்சம் வேகமா இழுக்கச் சொல்லுடா.”

“தண்ணி ஏறிரும் அக்கா.”

இன்று நானும் படகு இஞ்சின்களோடுதான் வேலை செய்கிறேன். குழாயை அப்படி அடைத்த பிறகு, அந்த வள்ளம் தன் முழு வேகத்தில் இழுத்திருந்தாலும் இஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மாமாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.

அவர் குனிந்து இடுக்கியை மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு இதுல இஷ்டமில்லையாடா?”

மாமா நிமிரவில்லை. “இஷ்டம்னு ஒருத்தியச் சொன்னப்ப யாரு கேட்டா?”

வள்ளக்காரர் பொறுமையிழந்து அம்மா பக்கம் திரும்பினார். “சேச்சி, ஒண்ணு வேகம் கூட்டட்டே? அஞ்சு மினிட்டுல அக்கரை.”

அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “வேண்டாம் சேட்டா. பதுக்கெ போனா போதும்.”

நாலரைக்கு நாங்கள் தண்ணீரில்தான் இருந்தோம். அம்மா என் மடித் தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்து, பாதியை மாமாவிடம் நீட்டினாள். மறு பாதி எனக்கு வந்தது. இஞ்சின் விஷயம் கடைசியில் அம்மாவுக்கும் புரிந்துவிட்டது என்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.